சிங்கப்பூர்த் தரைவீட்டில் முட்டைக்கோழி வளர்ப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்த நாள்களில், தேக்கா ஈரச்சந்தை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை, “நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?” என்ற பேச்சு அடிபட்டது. தடை பிறகு நீங்கிவிட்டது. ஆசை மட்டும் பலருக்கு நீங்கவில்லை. தரைவீட்டில் வசிக்கும், கோழி வளர்த்துப் பழக்கமில்லாத, வீட்டுத் தேவைக்கு முட்டை கிடைத்தால் போதும் என்று நினைக்கும் குடும்பங்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தமிழில் கிடைக்கும் கோழி வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை, அகலமான கொல்லையும் காய்ந்த மண்ணும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் கோழி தானே மேய்ந்து, அந்தியில் தானே வந்து அடையும் என்பது அங்கே சரியாக இருக்கலாம். இங்கே ஆண்டு முழுவதும் ஈரம், ஆண்டு முழுவதும் புழுக்கம், கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். ஆகவே கோழியைப் பற்றி யோசிப்பதற்கு முன், அது நிற்கப்போகும் தரையையும் அதன் தலைக்கு மேல் வரப்போகும் கூரையையும் பற்றித்தான் புதியவர் அதிகம் யோசிக்க வேண்டும். கூடு ஒழுங்காக அமைந்துவிட்டால் அன்றாட வேலை அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அது கோளாறாக அமைந்துவிட்டால் எத்தனை மருந்து வாங்கினாலும் கோழி தேறாது.

முதலில் அனுமதி

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கோழி, வாத்து முதலியவற்றை வளர்க்க அனுமதியில்லை. சமையலறைப் பின்புறத்திலோ, வீட்டுக்கு வெளியே நடைபாதையிலோ ஒரே ஒரு கோழியை வைத்துக்கொள்வதற்கும் இது பொருந்தும். கொண்டோமினியத்தில் வசிப்பவர்கள் நிர்வாகக் குழுவின் விதிகளைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அங்கும் பெரும்பாலும் இடமிராது. நடைமுறையில், சொந்த முற்றமோ பின்கட்டோ உள்ள வரிசை வீடு, இரட்டை வீடு, பங்களா ஆகியவற்றில் இருப்போருக்கே இது சாத்தியம்.

தரைவீடுகளிலும் எல்லை உண்டு. வணிக நோக்கமின்றி ஒரு வீட்டில் 10 கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அது பண்ணைக்குரிய உரிம விதிகளுக்குள் வந்துவிடும். மிஞ்சும் முட்டைகளை உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கலாம். விற்கத் தொடங்கக் கூடாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கோழி வாங்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் அன்றைய நிலவரத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

சட்டம் அனுமதித்தாலும் அண்டை வீட்டார் மனம் ஒப்பாமல் கோழி வளர்க்க முடியாது. 2017இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த கோழிகளைப் பற்றி இரைச்சல் புகார்கள் எழுந்து, 24 கோழிகள் கொல்லப்பட்டபோது நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. அவை யாருக்கும் சொந்தமில்லாத கோழிகள். ஆயினும் சேவல் கூவுவதை எத்தனை பேரால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்த நிகழ்வு போதுமான சான்று. எனவே சேவல் வேண்டாம். சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடாது என்று நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இன்றும் சொல்வதுண்டு. குஞ்சு பொரிப்பதற்குத்தான் சேவல் தேவையே தவிர, முட்டையிடுவதற்குத் தேவையில்லை. பெட்டைகளும் முட்டையிட்ட பிறகு சில நிமிடங்கள் கொக்கரிக்கும் என்பதை அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் வாரத்து முட்டைகளை அவர்கள் வீட்டுக்கு அனுப்புவது எந்த விளக்கத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

எத்தனை கோழி, எந்தக் கோழி

பத்து வரை அனுமதி என்பதற்காகப் பத்து வாங்க வேண்டியதில்லை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 4 கலப்பினப் பெட்டைகள் போதும். நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு மூன்று முட்டைகள், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று தட்டு கிடைக்கும். கோழி கூட்டமாக வாழும் பிராணி என்பதால், ஒன்றை மட்டும் தனியாக வளர்ப்பது அதற்கு வதை. இரண்டு வாங்கி அவற்றில் ஒன்று இறந்தாலும் அதே நிலைதான். மூன்றுக்குக் குறையாமல் தொடங்குங்கள்.

லிம் சூ காங் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் இருப்பவை போன்ற கலப்பின முட்டைக்கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு அருகில் இடக்கூடியவை. சிறுவிடை, பெருவிடை, அசில் போன்ற நாட்டுக்கோழிகளும் இங்குள்ள கம்பத்துக் கோழிகளும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவது கடினம். அத்துடன் அவை அடிக்கடி அடைக்குப் படுக்கும். பஞ்சு போன்ற இறகுடைய சில்க்கிக் கோழிகள் குழந்தைகளுக்குப் பிடித்தமானவை. ஆனால் அவற்றின் இறகு மழையில் ஊறினால் எளிதில் காயாது, முட்டையும் குறைவு. முட்டைதான் நோக்கம் என்றால் பழுப்பு நிறக் கலப்பினப் பெட்டையே புதியவருக்கு ஏற்றது. நாட்டுக்கோழி முட்டையின் சுவையே தனி என்பவர்களோடு வாதாடப்போவதில்லை. அவர்கள் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால் சரி.

குஞ்சுகளாக வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. ஒரு நாள் குஞ்சைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்வது பழகிய கண்ணுக்கே கடினம். பாதி சேவலாகிவிட்டால் அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் நல்ல விடை இல்லை. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பமும், வாரந்தோறும் சிறிது சிறிதாக அதைக் குறைக்கும் கவனமும் வேண்டும். 16 முதல் 18 வாரம் நிரம்பிய விடைக்கோழிகளாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளாக வாங்கினால் சில வாரங்களிலேயே முட்டை தொடங்கிவிடும். வாங்கும்போது கண் தெளிவாகவும், மூக்கில் நீர் வடியாமலும், கால் செதில்கள் வழவழப்பாகவும், பின்புறத்து இறகுகளில் எச்சம் ஒட்டாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஜொகூரிலிருந்து காரில் இரண்டு கோழிகளையோ, அடைவைக்கும் முட்டைகளையோ கொண்டுவரும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். அனுமதியின்றி அவற்றைக் கொண்டுவருவது குற்றம், அவற்றோடு நோயும் சேர்ந்து வரும்.

கூடு அமைத்தல்

கோழி வருவதற்கு முன்பே கூடு தயாராகிவிட வேண்டும். வீட்டின் எந்தப் பக்கத்தில் மாலை வெயில் விழுகிறது, கனமழையின்போது எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பவற்றை முதலில் கவனித்து வையுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் எந்த மூலை ஊறிப்போகிறதோ அந்த மூலையில் கூடு வைக்கக் கூடாது. காலை வெயில் சற்றுப் பட்டு, நண்பகலுக்குப் பிறகு நிழல் விழும் இடமே சிறந்தது. அண்டை வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு நேர்கீழே வைப்பதைத் தவிருங்கள்.

இரவில் அடையும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 0.4 சதுர மீட்டரும், பகலில் உலாவும் வலையடைப்பில் ஒரு கோழிக்கு 1 சதுர மீட்டரும் குறைந்த அளவுகள். நான்கு கோழிகளுக்கு மொத்தம் 6 சதுர மீட்டர் ஒதுக்கினால் நெருக்கடி இராது. நெருக்கடி ஏற்பட்டால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். ஒன்றின் முதுகில் ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை அதை விடமாட்டா.

கூட்டின் தரையை மண்ணிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அமையுங்கள். கீழே காற்று ஓடும், மழைத் தண்ணீர் ஏறாது, எலி பொந்து தோண்டினாலும் கண்ணில் பட்டுவிடும். கூட்டின் நான்கு பக்கமும் பலகை அடித்து மூடுவது குளிர்நாட்டு வழக்கம். இங்கே அது கோழியை அவித்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41, 42 பாகை இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, நீராவியாக வெப்பத்தை வெளியேற்றுவதே அதற்குத் தெரிந்த வழி. நம் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகிறது. எனவே மழைச்சாரல் அடிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் மூடி, மற்றப் பக்கங்களைக் கம்பி வலையாக விடுங்கள். வெறும் துத்தநாகத் தகட்டுக் கூரை நண்பகலில் கொதிக்கும். அதன் அடியில் ஒட்டுப்பலகையோ வெப்பத்தடுப்பு விரிப்போ பொருத்தி, விளிம்பைச் சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டிவிடுங்கள்.

வலை விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. சிங்கப்பூரின் கால்வாய்களில் மலைப்பாம்பு வாழ்கிறது என்பது தரைவீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. அதனுடன் உடும்பு, மரநாய், எலி, காகம், தெருப்பூனை எல்லாம் வரும். 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையையே பயன்படுத்தி, அதன் அடிவிளிம்பை வெளிப்புறமாக மடித்து 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதையுங்கள். கதவுக்கு இரண்டு தாழ் போடுங்கள். மலைப்பாம்பு வந்துவிட்டால் அடிக்க முற்படாமல், தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். மேற்பகுதியையும் மூட வேண்டும். செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ பக்கம் வந்திறங்கும் வலசைப் பறவைகளும், இங்கேயே இருக்கும் புறா, மைனா போன்றவையும் கூட்டுக்குள் எச்சமிடவோ தீவனத்தைப் பொறுக்கவோ வாய்ப்பே இருக்கக் கூடாது. பறவைக் காய்ச்சலைத் தடுக்கச் சொல்லப்படும் அறிவுரைகளில் முதன்மையானது, வளர்ப்புக் கோழியையும் காட்டுப்பறவையையும் பிரித்துவைப்பதுதான்.

உள்ளே வேண்டியவை இரண்டே. ஒன்று, அடையும் கட்டை: 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலமும் மழுங்கிய விளிம்பும் உள்ள மரச்சட்டம், ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் நீளம். மற்றொன்று முட்டைப் பெட்டி: ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள, சற்று இருட்டான பெட்டி ஒன்று நான்கு பெட்டைகளுக்குப் போதும். பெட்டியைவிடக் கட்டை உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி, அதை எச்சக்காடாக்கிவிடும்.

தரையில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சீவலைப் பரப்புங்கள். மிக நுண்ணிய மரத்தூள் கோழியின் மூச்சுக்கு ஆகாது. இந்த மெத்தை நலமாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால், அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. ஈரமான இடத்தை வாரி எடுத்துவிட்டுப் புதுச்சீவல் போடுங்கள். கண்ணை எரிக்கும் அம்மோனியா வாடையைக் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மோந்து பாருங்கள். நாம் நிற்கும் உயரத்தில் அது தெரியும்போது கோழிக்கு ஏற்கெனவே மூச்சுக் கோளாறு தொடங்கியிருக்கும்.

தீவனமும் தண்ணீரும்

முட்டையிடும் பெட்டை ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். நான்கு கோழிகளுக்கு மாதம் 13 அல்லது 14 கிலோ. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கோழி ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்தைச் செலவிடுகிறது. உணவில் அது கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஓடில்லாத தோல்முட்டை விழுவதற்கும், நன்றாக இருந்த கோழி திடீரென்று காலூன்ற முடியாமல் படுப்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே அரிசியும் குருணையும் போட்டு முட்டைக்கோழியை வளர்க்க முடியாது. 16 முதல் 18 விழுக்காடு புரதமும் 3.5 விழுக்காட்டுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்தும் உள்ள முட்டைக்கோழித் தீவனமே அடிப்படை உணவாக இருக்கட்டும். நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ளும். இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கு இந்தச் சுண்ணாம்பு மிகுந்த தீவனத்தைக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்பதால், முதல் முட்டை நெருங்கும் வரை வளர்பருவத் தீவனமே கொடுங்கள்.

வீட்டுக் கழிவுகளைப் பொறுத்தவரை, கீரைத் தண்டு, முட்டைக்கோஸின் வெளியிலை, வெள்ளரி, பப்பாளித் தோல், தேங்காய்த் துருவலின் சக்கை ஆகியவற்றை அளவோடு போடலாம். மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சாம்பார், ஊறுகாய், கருவாடு முதலிய உப்பு மிகுந்த மிச்சம் மீதிகளைப் போடாதீர்கள். அவகாடோ, சாக்லேட், வேகாத உலர் அவரை வகைகள், பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு ஆகியவை கோழிக்கு நஞ்சு. பூசணம் பிடித்த ரொட்டியும் அப்படியே. இங்கத்திய ஈரத்தில் தீவனமே பூசணம் பிடிக்கும் என்பதால், பெரிய மூட்டையாக வாங்காமல் ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கி, மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். பிளாஸ்டிக் டின்னை எலி ஒரே இரவில் துளைத்துவிடும். இரவில் தீவனத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவதே எலியை விரட்டும் வழிகளில் மிகவும் மலிவானது.

தண்ணீர் ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர். வெப்பமான நாளில் அது இரட்டிக்கும். சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போனாலே அடுத்த நாள்களில் முட்டை குறைந்துவிடும். திறந்த கிண்ணத்தைவிடக் கொத்தினால் சொட்டும் முனையுள்ள குழாய்த் தொட்டி நல்லது; எச்சம் விழாது, கொசுவும் முட்டையிடாது. திறந்த கிண்ணம்தான் என்றால் தினமும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். டெங்கிக் கொசு உற்பத்திக்கு இடங்கொடுத்தால் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அபராதம் வரும். அதைவிட, கொசு கடிப்பதால் கோழிக்கும் அம்மை பரவுகிறது. கடும் புழுக்கமான மதிய வேளையில் கோழிகள் இறக்கையை உடலிலிருந்து விலக்கி, வாயைப் பிளந்து நின்றால் குளிர்ந்த தண்ணீரை மாற்றி வையுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிழலில் கிடத்தினால் அவை அதைச் சுற்றி வந்து படுத்துக்கொள்ளும்.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

கோழிகளை வாங்கிவந்த நாளிலிருந்து ஒரு வாரம் இரவுக்கூட்டையும் அதை ஒட்டிய அடைப்பையும் விட்டு வெளியே விடாதீர்கள். அதுதான் தன் வீடு என்று அவை பழக வேண்டும். பின்னாளில் புதுக்கோழி சேர்ப்பதானால் மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

காலையில் கதவைத் திறக்கும்போதே எண்ணிப் பாருங்கள், நடையைப் பாருங்கள், எச்சத்தைப் பாருங்கள். இயல்பான எச்சம் பழுப்பாகவும் அதன் மேல் வெள்ளைத் தொப்பி வைத்தாற்போலவும் இருக்கும். மாலையில் ஒரு கோழியைப் பிடித்து மார்புக்கு மேல் வலப்புறம் தொட்டால், தின்ற இரை முதலில் தங்கும் தீனிப்பை நிறைந்து உருண்டையாக இருக்க வேண்டும்; மறுநாள் காலையில் அது காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ தண்ணீர்ப்பையாகவோ இருந்தால் செரிமானம் நின்றுபோயிருக்கிறது. மாதம் ஒருமுறை இரவில், டார்ச் விளக்கும் வெள்ளைத் துணியுமாகச் சென்று அடையும் கட்டையின் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை படிந்தால் செவ்வுண்ணி குடியேறியிருக்கிறது. பகலில் அது இடுக்குகளுக்குள் ஒளிந்துகொண்டு, இரவில் மட்டும் வெளிவந்து ரத்தம் குடிக்கும். கூட்டைக் காலி செய்து எல்லா இடுக்கையும் கழுவிக் காயவைத்தால்தான் அது ஒழியும். பேன், உண்ணிக்குக் கோழி தானே செய்துகொள்ளும் வைத்தியம் புழுதிக் குளியல். ஒரு பழைய தொட்டியில் காய்ந்த மணலும் மண்ணும் கலந்து மழைபடாமல் வைத்துவிட்டால் தினமும் அதில் புரண்டெழும்.

நான்கு கோழிகள் நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவுக்கு எச்சமிடும். கூட்டைக் கழுவிய தண்ணீரைத் தெருவோரக் கால்வாயில் விடக் கூடாது. இந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைக்கால்வாயில் போவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். எச்சத்தை உலர்வாக வாரி, காய்ந்த இலையோடு மூடியுள்ள தொட்டியில் மக்கவிடுங்கள். மக்காத கோழி எரு செடியின் வேரைக் கருக்கிவிடும். சில மாதம் மக்கிய பின் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் அதைவிடச் சிறந்த உரம் இல்லை.

முட்டை

கலப்பினப் பெட்டைகள் பொதுவாக 18 முதல் 22 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கொண்டை வெளிறிய நிறத்திலிருந்து சிவந்து தடிப்பதும், முதுகைத் தொட்டால் கோழி பதுங்கி உட்காருவதும் முதல் முட்டைக்கு முந்தைய அறிகுறிகள். முதல் சில முட்டைகள் சிறியனவாகவோ, இரட்டைக் கருவோடோ, தோல்முட்டையாகவோ விழலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆவதால், முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், ஒரு நாள் இடாமலே விட்டு, பிறகு மீண்டும் காலையில் தொடங்கும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும்போது முட்டையும் குறைந்துவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே என்பதால் அந்த ஏற்ற இறக்கம் இங்கே இல்லை. பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரம் வரை நீட்டுவார்கள். வீட்டில் அது தேவையற்றது.

முட்டை நின்றுவிட்டால் உடனே நோய் என்று முடிவு கட்டாதீர்கள். இறகு உதிர்க்கும் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் முட்டை இராது. அடைக்குப் படுத்த கோழியும் இடாது. அதைப் பெட்டியிலிருந்து தூக்கி, காற்றோட்டமான வலைத்தரைக் கூண்டில் தீவனத்தோடும் தண்ணீரோடும் மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளிந்துவிடும். எந்தக் கோழி இடுகிறது, எது இடவில்லை என்று தெரியாவிட்டால், கோழியை அணைத்துப் பிடித்துப் பின்புறத் துளைக்கு இருபக்கமும் உள்ள எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இடும் கோழிக்கு அந்த முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும், துளை அகன்று ஈரமாக இருக்கும். இடாத கோழிக்கு ஒரு விரலுக்கே இடம் இராது.

முட்டைகளைக் காலையும் பிற்பகலும் எடுத்துவிடுங்கள். நம் வெப்பத்தில் வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. ஒருமுறை உள்ளே வைத்ததை மீண்டும் வெளியே எடுத்து வைத்தால் ஓட்டில் நீர் பூத்துக் கிருமி உள்ளே செல்லும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்று வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உடனே பயன்படுத்துங்கள். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் துளைகள் வழியே அழுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். காப்பிக்கடைப் பாணியில் அரைவேக்காட்டு முட்டைக்கு ஆசைப்படுவோர், வீட்டுக்கோழி என்பதாலேயே சால்மொனெல்லாக் கிருமி இராது என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு முழுவதும் வேகவைத்தே கொடுங்கள். கோழியையோ கூட்டையோ தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் வீட்டு விதியாக்கிவிடுங்கள்.

நோய்

எல்லாக் கால்நடை மருத்துவமனைகளும் கோழி பார்ப்பதில்லை. பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைக் கோழி நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. வாங்கும்போதே போடப்பட்டதா என்று கேளுங்கள். ஈரத்தரை தரும் நோய் ரத்தக் கழிச்சல். எச்சத்தில் ரத்தம், இறகு சிலிர்த்து ஒடுங்கி நிற்பது, தீவனம் எடுக்காமை ஆகியவை தெரிந்தால், அந்தக் கோழியைத் தனியே பிரித்து அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். குடிநீரில் கலந்து கொடுக்கும் மருந்துக்கு அது நன்றாகக் கட்டுப்படும். எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சளிக்கு மிளகும் மஞ்சளும் துளசியும் அரைத்துக் கொடுக்கும் வழக்கத்தால் தீங்கில்லை. அதை நம்பி இரண்டு நாள் காத்திருப்பதில்தான் தீங்கு. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோழிகள் இறந்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமல், குப்பையில் போடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இறைச்சியும் முதிர்ந்த கோழியும்

இறைச்சிக்காக வீட்டில் கோழி வளர்ப்பதை இந்நாட்டில் நான் பரிந்துரைக்கமாட்டேன். உணவுக்கான பிராணிகளைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற அறுப்புக்கூடங்களில் அறுப்பதே இங்குள்ள முறை. பின்கட்டில் அறுத்துக்கொள்ளலாம் என்ற கம்பத்துக் காலத்து நினைப்பு இன்று செல்லாது. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அந்த வேகத்துக்கு அது தின்று குவிக்கும் எச்சமும், புழுக்கத்தில் மாரடைத்துச் சாகும் அதன் இயல்பும் சிறு முற்றத்துக்கு ஒத்துவராதவை. கறிக்குச் சந்தைக்குப் போங்கள். முட்டையிலும் பணம் மிஞ்சும் என்று கணக்குப் போடாதீர்கள். கூட்டுச் செலவையும், சிறு அளவில் வாங்கும் தீவனத்தின் விலையையும் கூட்டினால் பேரங்காடியில் வாங்கும் தட்டு முட்டையே மலிவு.

வீட்டில் அறுக்க முடியாது என்பதால், முட்டை நின்ற கோழியை என்ன செய்வது என்ற கேள்வியை வாங்கும் முன்பே குடும்பத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குப் பிறகு முட்டை ஆண்டுதோறும் குறையும். கோழியோ ஆறேழு ஆண்டுகள்கூட வாழும். முட்டை நின்ற கோழியைப் பூங்காவிலோ காட்டோரத்திலோ கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம். கடைசி வரை வைத்துக்கொள்வது, தரைவீட்டிலுள்ள வேறொருவர் மனமுவந்து ஏற்றுக்கொள்வது, தீராத நோயென்றால் மருத்துவர் வலியின்றி முடித்துவைப்பது ஆகியவையே உள்ள வழிகள். பத்துக்குப் பதில் நான்கோடு தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டாண்டு கழித்து இன்னும் மூன்று இளம் பெட்டைகளைச் சேர்க்க அப்போது இடம் இருக்கும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஆள் ஏற்பாட்டையும் முன்னதாகவே செய்ய வேண்டும். தானியங்கித் தீவனப்பெட்டியும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் இருந்தாலும், ஒரு நாளுக்கு மேல் கோழிகளை ஆளில்லாமல் விட்டுச் செல்லக் கூடாது. பார்த்துக்கொள்ள வருபவரைப் புறப்படுவதற்கு முந்திய இரண்டு மாலைகளில் கூப்பிட்டு, அந்தி சாய்ந்து கோழிகள் கட்டையில் ஏறிய பின் எண்ணிப் பார்த்து இரண்டு தாழையும் போடுவது வரை அவரையே செய்யச் சொல்லுங்கள். தீவன அளவு, மருத்துவரின் எண், முட்டைகளை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தீவன டின்னின் மூடியில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.